கந்தளாயில் கலைக்கூடம் தொடங்கப் போகிறவர்களுக்கு



கந்தளாய் நகரத்தில் கையில் காசில்லாத இளங்கலைஞர்களுக்காக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கப் போகிறோம், அனுபவத்தில் கண்டதை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நாடகமும் அரங்கியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என்னிடம் பழகியவர்களில் திறமை போதாமல் கலையை விட்டவர்கள் மிகச் சிலர். அப்பாவுக்கு வருத்தம் வந்ததும் கடை வேலைக்குப் போனவர்கள், பஸ் காசு இல்லாமல் ஒத்திகைக்கு வராமல் நின்றவர்கள், கலியாணம் பேசியதும் மறிக்கப்பட்டவர்கள், வெளிநாட்டுக்கு உழைக்கப் போனவர்கள்தான் அதிகம்.

ஆகவே நான் சொல்வதெல்லாம் ஒன்றைச் சுற்றியே வரும். ஏழைக் கலைஞருக்கு முதலில் வேண்டியவை மூன்று: கிழமை தவறாமல் திறக்கும் கதவு, அடிக்கடி மாறாத ஆசிரியர், செய்த வேலைக்குக் கையில் கிடைக்கும் காசு. மேடையும் மாலையும் அதற்குப் பிறகு வரட்டும்.

1. இருக்கிற கலைஞர்களை முதலில் தேடிப் போங்கள்

கந்தளாயில் கலை இல்லை, நாங்கள்தான் கொண்டுவரப் போகிறோம் என்ற எண்ணத்தோடு தொடங்காதீர்கள். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், ஏ-6 வீதியில் இருக்கும் இந்த ஊரில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் சாமான் வாங்குகிறார்கள். கோயில் திருவிழாவில் தவில் வாசிக்கிறவர், கலியாண வீட்டில் கீபோர்ட் வாசிக்கிறவர், வெசாக் காலத்தில் தோரணம் கட்டுகிறவர், முஸ்லிம்களின் கோலாட்டமான பொல்லடி தெரிந்த பெரியவர், கடைப் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்து, டிஜிட்டல் அச்சு வந்தபின் வேலை குறைந்துபோன ஓவியர், இவர்கள் எல்லோரும் கலைஞர்கள். தொழில் என்ன என்று கேட்டால் மேசன் வேலை, ஆட்டோ, வயல் என்றுதான் சொல்வார்கள்.

முதல் மூன்று மாதம் வகுப்பு வேண்டாம். பேராறு, அக்போபுர, வான்எல, முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் என்று போய்க் கதையுங்கள். யாருக்கு என்ன தெரியும், யாரிடம் பழகினார், இன்னும் செய்கிறாரா, நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்கள் ஆசிரியர்களில் பாதிப்பேர் அந்தக் கொப்பியிலிருந்தே கிடைப்பார்கள்.

2. கூத்துக்களரியின் ஒழுங்கைப் பின்பற்றுங்கள்

ஊர் கூடிக் கலைஞரை உருவாக்கும் முறையை வெளியிலிருந்து யாரும் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கிலங்கைக் கூத்து முழுவதும் அப்படித்தான் வளர்ந்தது. ஓர் ஊர் கூத்தாடத் தீர்மானித்தால் முதலில் சட்டங்கொடுத்தல். கூத்தின் ஆசானான அண்ணாவியார் ஆளின் தோற்றத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, பாத்திரத்தைப் பிரித்துக் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். மத்தளத்துக்குக் கால் பதியும் வரை திரும்பத் திரும்ப அதே ஆட்டம். ஆட்டம் பிடிபட்டதும் சதங்கை அணியும் நாள் வரும். ஆடுகிறவரின் வீட்டார், உறவினர் எல்லோரும் களரிக்கு வருவார்கள். அண்ணாவியாருக்கு மரியாதை செய்வார்கள். அன்றைக்கு முதல் அந்தப் பிள்ளை கூத்தன் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதன்பின் வேஷ உடுப்பு இல்லாமல், ஊர் பார்க்க, கிழமைக்கூத்து. அதற்கும் பிறகு அடுக்குப் பார்த்தல் என்ற இறுதி ஒத்திகை. அரங்கேற்றம் கடைசியில். அரங்கேறிய பின் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டார் மனமுவந்து கொடுப்பதை வாங்குவார்கள்.

இந்த ஒழுங்கில் இருக்கும் அறிவைக் கவனியுங்கள். சதங்கை அணியும் நாளில் குடும்பம் பொறுப்பாளியாகிறது. கிழமைக்கூத்தில் ஊரே பிழை திருத்துகிறது. ஆடுகிற பிள்ளைக்கு அரங்கேற்றத்துக்கு முன்பே சபைக்கூச்சம் போய்விடுகிறது. உங்கள் பயிற்சி ஓவியமாக இருக்கட்டும், றப் பாட்டாக இருக்கட்டும், இதே படிகளை வையுங்கள். மாதம் ஒருமுறை வேலையை ஊருக்குக் காட்டுங்கள். வகுப்பு தொடங்கிய மூன்றாம் மாதம் பெற்றாரை அழைத்து, பிள்ளையின் கையில் அவருக்கென்று ஒரு தூரிகையோ தாளமோ கொடுங்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தபோது, ஆட்டம் பழக்க மட்டக்களப்பு அண்ணாவியாரைத்தான் அழைத்தார். பல்கலைக்கழகமே அவர் முன்னால் மாணவனாக நின்றது. கிராமத்து ஆசானுக்கு நீங்களும் அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும்.

3. பிள்ளையின் நாளைப் பார்த்து நேரம் வையுங்கள்

வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரியுங்கள். முடியும் நேரத்தை அதிலிருந்து தீர்மானியுங்கள். குளத்துத் தண்ணீரில் இரு போகமும் விதைக்கிற ஊர் இது. அறுவடைக் கிழமைகளில் வயல் வீட்டுப் பிள்ளை வராது. அந்த நாட்களை அட்டவணையில் வெறுமையாக விடுங்கள். நோன்பு மாதத்தில் மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றுங்கள். கடையில் வேலை செய்கிற பையனுக்குக் கடை பூட்டிய பிறகுதான் நேரம் கிடைக்கும். வந்த பிள்ளைக்குத் தேநீரும் பணிசும் கொடுக்க முடியாத நிலையில் வகுப்பை ஆரம்பிக்காதீர்கள். பசியோடு தாளம் நிற்காது.

கட்டடம் தேடி வருடக்கணக்கில் அலைய வேண்டாம். வெனிசுவேலாவில் ஹோசே அன்ரோனியோ அப்ரேயு 1975இல் தன் இளையோர் இசைக்குழுவை ஒரு வாகனத் தரிப்பிடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுடன் தொடங்கினார். ‘எல் சிஸ்டெமா’ என்று உலகம் அறிந்த அந்த இயக்கத்தில் பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் வாத்தியம் பழகினார்கள். நமது நாட்டில் பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய ‘ஜனகரலிய – மக்கள் களரி’ நாடகக்குழு ஒரு கூடாரத்தையே அரங்காக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது. வாசிகசாலை மண்டபமோ, கோயில் மடமோ, பாடசாலையின் மாலை நேர வகுப்பறையோ போதும். ஒரே இடம், ஒரே நாள், ஒரே நேரம் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

4. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவரைத் துணையாக வையுங்கள்

இரண்டு நாள் பட்டறை நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள். பட்டறை முடிந்த மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? அதற்கு ஆள் இருந்தால்தான் அது பயிற்சி.

யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்குவை நினைத்துப் பாருங்கள். 1933இல் பிறந்து 2000இல் மறைந்தவர். பெரிய நிறுவனமோ நிதியோ அவருக்குப் பின்னால் இருந்ததில்லை. போர் நடந்த வருடங்களிலும் தன்னைத் தேடி வந்த இளையோரை இருத்தி வரையப் பழக்கினார். அவரிடம் பழகியவர்களில் பெண் ஓவியர்களும் குறிப்பிடத்தக்க அளவில் உருவானார்கள். 1987இல் அவரைச் சிறப்பித்து ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற நூல் வெளிவந்தது. வடக்கின் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. ஒரு மனிதர் ஓர் ஊரில் நிலையாக இருந்து கற்பித்ததால் கிடைத்த பயன் இது.

துணைநிற்கும் பெரியவர் ஒருவருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அவர் செய்ய வேண்டியவை: கிழமைக்கு ஒருமுறை பிள்ளையின் வேலையை உட்கார்ந்து பார்ப்பது, அடுத்த கிழமைக்கு ஒரு வேலை கொடுப்பது, தான் வாசிக்கப் போகும் இடத்துக்குக் கூட்டிப் போவது, கூலி பேசும்போது பக்கத்தில் இருத்திக் கேட்க வைப்பது. வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே ஆள் போக வேண்டும். இரண்டு கிழமை பொறுத்துப் போனால் அந்தப் பிள்ளை வேறு வேலைக்குப் போயிருக்கும்.

5. காசைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள்

“நீ வந்து சும்மா ஆடு, பேர் வரும்” என்று சொல்லாதீர்கள். சொல்கிறவரிடம் உங்கள் பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் சமையல்காரருக்கும் கூலி கொடுக்கும் விழாக்குழு, பாடுகிறவரை மட்டும் பொன்னாடையோடு அனுப்பிவிடுகிறது. பொன்னாடையை விற்று அரிசி வாங்க முடியாது.

நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கப் பழக்குங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், கொடுப்பனவு எவ்வளவு, அதில் முற்பணம் எவ்வளவு, போக்குவரத்து யார் பொறுப்பு, சாப்பாடு உண்டா, நிகழ்ச்சி மழையால் நின்றால் என்ன செய்வது. சுவர் ஓவியம் என்றால் சதுர அடிக் கணக்கில் விலை பேசி, வர்ணத்தின் செலவைத் தனியாக எழுதுங்கள். இந்தத் தாள் எழுதத் தெரிந்த பிள்ளை யாரிடமும் ஏமாறாது.

அரசாங்கம் மூத்த கலைஞருக்குக் கலாபூஷணம் விருது வழங்குகிறது. அது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு. இருபது வயதில் கலையை விட்டுப் போகிறவர் அறுபதாம் வயதில் விருது வாங்க முடியாது. அந்த இருபது வயதுக்காரருக்குத்தான் உங்கள் கூடம். பயிற்சிக் காலத்தில் பஸ் காசையாவது கொடுங்கள். கற்பிக்க வரும் அண்ணாவியாருக்கும் தவில்காரருக்கும் மாதச் சம்பளம் வையுங்கள். சிறு தொகையானாலும் குறித்த நாளில் கொடுங்கள்.

6. படிப்பையும் கலையையும் பகையாக்காதீர்கள்

பெற்றார் கலையை மறிப்பதற்குப் பெரும்பாலும் ரியூசன் காரணமாகிறது. அவர்களோடு வாதாட வேண்டாம். கலை வழியாகவும் படிப்பு உண்டு என்று காட்டுங்கள். சாதாரண தரத்தில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் பாடங்களாக இருக்கின்றன, உயர்தரத்திலும் உண்டு. மட்டக்களப்புக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணத்தில் முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த பல்கலைக்கழகப் பீடம், கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் என்று பட்டம் வரை போக வழி இருக்கிறது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும் இருக்கின்றன. பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு நீங்கள் கட்டுங்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பவும் உதவுங்கள்.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில், பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப்பாடமும் கூத்தும் சேர்த்துப் படித்தார்கள். 2002 முதல் 2020 வரை அது நடந்தது. கூத்தாடப் போனால் படிப்புக் கெடும் என்ற பயத்துக்கு அந்தக் குருகுலமே பதில்.

7. பெண்பிள்ளைகள் வந்து போகும் வழியை உறுதிப்படுத்துங்கள்

அதே குருகுலத்தில்தான், காலங்காலமாக ஆண்கள் மட்டும் ஆடிவந்த கட்டைக்கூத்தைப் பெண்பிள்ளைகளும் முறையாகப் பழகி ஆடினார்கள். மட்டக்களப்புச் சீலாமுனையில் அரங்க ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் ஊரவரோடு இருந்து கூத்து மீளுருவாக்கம் செய்தபோது, பெண்ணையும் சாதியையும் பற்றிப் பழைய பாட்டுகளில் இருந்ததை ஊர் மக்களே கூடிப் பேசினார்கள். மரபைக் காப்பது என்றால் மரபின் பிழைகளையும் சேர்த்துக் காப்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல விடாதீர்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை எளிது. பெண் பயிற்றுநர் ஒருவராவது இருக்க வேண்டும். உடை மாற்ற, பூட்டுப் போடும் அறை வேண்டும். மலசலகூடம் சுத்தமாக இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியே இருக்கக் கூடாது. இதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஆசிரியர் எவ்வளவு பெரியவரானாலும் விதிவிலக்குக் கொடுக்காதீர்கள். ஒத்திகை பிந்தினால் வீடு வரை கூட்டிப்போய் விடுவது உங்கள் பொறுப்பு.

8. மூன்று சமூகத்தையும் வேலையால் சேருங்கள்

நல்லிணக்கம் என்று பதாகை கட்டி, மூன்று உடுப்பில் மூன்று பிள்ளைகளை மேடையில் கைகோர்க்க வைப்பது பத்து நிமிட வேலை. அதில் ஒருவரும் ஒருவரிடமும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. ஜனகரலியவில் சிங்கள, தமிழ் இளையோர் ஒரே குழுவில் சேர்ந்திருந்து, இரு மொழியிலும் நாடகம் ஆடினார்கள். மற்றவரின் மொழியில் வசனம் பாடமாக்குகிறவர் அந்த மொழியின் மூச்சையும் பழகிக்கொள்கிறார்.

கந்தளாயில் இதைச் செய்ய வெளியூர் போக வேண்டியதில்லை. தோரணம் கட்டத் தெரிந்தவரிடம் தமிழ்ப் பிள்ளை மூங்கில் வளைக்கப் பழகட்டும். பொல்லடியின் தாளத்தைச் சிங்களப் பிள்ளை பழகட்டும். கூத்தின் ஆட்டத்தை எல்லோரும் பழகட்டும். ஒவ்வொருவரும் ஒன்றைக் கற்பிப்பவராகவும் ஒன்றைக் கற்பவராகவும் இருக்கும்போது யாரும் விருந்தாளி இல்லை. வகுப்பறிவித்தல் மூன்று சமூகத்துக்கும் விளங்கும்படி தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

9. ஊரின் கதையை எடுங்கள், காயத்தைக் கிளறாதீர்கள்

கதை தேடித் தூரம் போக வேண்டாம். குளக்கோட்ட மன்னனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் குளம், நம் கந்தளாய்க் குளம். இரண்டாம் அக்கபோதி மன்னன் காலத்தது என்று சிங்கள வரலாறு சொல்கிறது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதன் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1960இல் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு வந்த சீனித் தொழிற்சாலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டு, 1990களில் மூடப்பட்டது. கரும்பு வெட்டியவர்களும் ஆலையில் வேலை செய்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பிக் கேட்டு எழுத வையுங்கள். அதிலிருந்து நாடகம் வரும், சுவர் ஓவியம் வரும்.

ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. வெள்ளத்தில் பிள்ளையை இழந்தவரிடமும் போரில் ஆளைத் தொலைத்தவரிடமும், சொல்ல விருப்பமா என்று முதலில் கேட்க வேண்டும். மறுத்தால் விட்டுவிட வேண்டும். மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மாதக்கணக்கில் வந்து வரைந்தார்கள், களிமண்ணில் செய்தார்கள், கதை சொன்னார்கள், விளையாடினார்கள். பிள்ளை சொல்லும்போது கேட்டார்கள். அந்தப் பொறுமைதான் நமக்கும் வேண்டும்.

10. மேடை கொடுத்தால் முழு மேடையாகக் கொடுங்கள்

சென்னையில் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சமூகச் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில் தொடங்கிய விழாவில், கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018 ஜனவரியில் முதல் கச்சேரி செய்தது. வடசென்னையில் சாவு வீட்டில் கேட்ட கானாப் பாட்டு, அன்றைக்குப் பெரிய ஒலியமைப்போடு ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஒலித்தது. பாடியவர்கள் அதற்கு முன்பும் அதே திறமையோடுதான் பாடினார்கள். நல்ல மைக்கும் ஒத்திகை நேரமும் விளம்பரமும் அன்றைக்குத்தான் சேர்ந்து கிடைத்தன.

உங்கள் விழாவில் அதிதிகள் உரை எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மைக் சரிபார்க்கப் பிள்ளைகளுக்கு முதல் நாளே நேரம் கொடுங்கள். அறிவிப்பாளர் ‘வறிய மாணவன்’ என்று எவரையும் அறிமுகப்படுத்தக் கூடாது. பெயரையும் ஊரையும் ஆசானின் பெயரையும் சொன்னால் போதும்.

11. கணக்கைத் திறந்து வையுங்கள்

பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். கலைமன்றமாகப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு எடுங்கள். மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். மாணவரும் பெற்றாரும் வாசிக்கட்டும். பணம் தருகிறவர் பிள்ளையின் கிழிந்த சட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிள்ளை செய்த வேலையின் படத்தை அனுப்புங்கள்.

12. உங்கள் இடத்துக்கு ஆளைத் தயாராக்குங்கள்

முதல் வருடம் பழகிய பிள்ளை மூன்றாம் வருடம் சின்னவருக்குப் பழக்க வேண்டும். அதற்கும் கொடுப்பனவு கொடுக்க வேண்டும். ஐந்தாம் வருடம் நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் பழைய மாணவராக இருக்க வேண்டும். அப்போதுதான் அது ஊரின் கூடம். உங்களுக்கு இடமாற்றமோ வெளிநாட்டு வேலையோ வந்தாலும் அது நடக்கும்.

பிள்ளைகளே, பத்துப் பேரோடு தொடங்குங்கள். நூறு பேர் என்று அறிக்கை எழுத ஆசைப்படாதீர்கள். அந்தப் பத்துப் பேருக்கும் மூன்று வருடம் கதவைத் திறந்து வைக்க முடியுமா என்று உங்களுக்குள் இருந்து நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். முடியும் என்றால் இந்த மாதமே தொடங்குங்கள். என்னிடமிருக்கும் மத்தளத்தையும் பிரதிகளையும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். முடியாது என்றால் இன்னும் ஆறு மாதம் பொறுத்து, ஆளையும் பணத்தையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். நம்பி வந்த ஏழைப் பிள்ளையை நடுவழியில் விடுவதைவிட, பிந்தித் தொடங்குவது நல்லது.